ராஜினாமா செய்தவருக்கு வர வேண்டிய பணம்: கேள்விகளும் பதில்களும்

“நீயாகத்தானே போகிறாய், உனக்கென்ன கொடுக்க வேண்டியிருக்கிறது?” கோவைப் பக்கத்து ஆலைகளில் சம்பளப் பட்டியல் போடும் மேசையில் 16 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு வார்த்தையை நம்பி, வர வேண்டிய பணத்தை விட்டுவிட்டுப் போனவர்களை அந்த மேசைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன். அது பொய். வேலையை விடுவது உங்கள் உரிமை. அதுவரை உழைத்ததற்கான பணமும் உங்களுடையதே. பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதிப் பதில் சொல்கிறேன்.

நானாக ராஜினாமா செய்தால் எனக்கு என்னென்ன வர வேண்டும்?

கடைசியாக வேலை பார்த்த நாள் வரையிலான சம்பளம். எடுக்காமல் மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்புக்கான பணம். 5 ஆண்டு முடித்திருந்தால் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. தகுதி இருந்தால் போனஸ். வேலை செய்துவிட்டு இன்னும் வாங்காத ஓவர்டைம், கமிஷன், பயணச் செலவு. இவை நிறுவனம் நேரடியாகக் கொடுக்க வேண்டியவை. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) உங்கள் பெயரில் வேறிடத்தில் இருக்கிறது. அதை நிறுவனம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் விலகிய தேதியை அது சரியாகப் பதிய வேண்டும்.

ஆட்குறைப்புக்கான இழப்பீடு மட்டும் ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. அது நிறுவனம் தானாக வேலையை விட்டு நீக்கும்போது கொடுப்பது.

இந்தப் பணத்தை எத்தனை நாளில் கொடுக்க வேண்டும்? எங்கள் ஹெச்.ஆர். 45 நாள் என்கிறார்.

45 நாள் என்பது நிறுவனங்கள் பழக்கத்தில் வைத்துக்கொண்ட கணக்கு. 1936-ஆம் ஆண்டின் பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டம், நிறுவனம் ஆளை நீக்கினால் இரண்டாவது வேலை நாளுக்குள் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும் என்றது. ராஜினாமா செய்தவரைப் பற்றி அதில் தெளிவாக இல்லை. அந்த இடைவெளியில்தான் 30 நாள், 45 நாள், 60 நாள் என்று ஆளுக்கொரு வழக்கம் வளர்ந்தது.

2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆவது பிரிவில் ‘ராஜினாமா’ என்ற சொல் நேரடியாகவே இருக்கிறது. விலகிய நாளிலிருந்து 2 வேலை நாட்களுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். பழைய சட்டத்தில் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குபவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. இதில் அப்படிப்பட்ட உச்சவரம்பு இல்லை. மேலாளர் பதவியில் இருப்பவரும் கேட்கலாம்.

இந்த 2 நாள் சம்பளத்துக்கு உரியது. பணிக்கொடைக்கும் போனஸுக்கும் காலக்கெடு வேறு. கீழே சொல்கிறேன்.

பணிக்கொடை யாருக்குக் கிடைக்கும்? எப்படிக் கணக்கிடுவது?

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். நீங்கள் 5 ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் முதலே ராஜினாமா செய்தவருக்கும் இது உண்டு என்று எழுத்திலேயே இருக்கிறது.

கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை (அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தது) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்குங்கள். மாதத்தில் நான்கு ஞாயிறு போக 26 வேலை நாள். அதில் 15 நாள் சம்பளம் ஓர் ஆண்டுக்கு. அவ்வளவுதான்.

அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் வாங்குகிற ஒருவர் 7 ஆண்டு 8 மாதம் வேலை செய்திருக்கிறார் என்று வையுங்கள். 26,000-த்தை 26-ஆல் வகுத்தால் 1,000. அதன் 15 மடங்கு 15,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்கில் வரும் என்பதால் 8 ஆண்டு. மொத்தம் 1,20,000 ரூபாய். இவரே 7 ஆண்டு 5 மாதத்தில் விலகியிருந்தால் 1,05,000 ரூபாய்தான். ராஜினாமாக் கடிதத்தில் தேதி போடும் முன் வேலையில் சேர்ந்த தேதியை ஒரு முறை எடுத்துப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். சில வாரம் பொறுத்தால் 15,000 ரூபாய் கூடும் என்றால் அந்தச் சில வாரத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே.

உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். 2018 மார்ச் 29 முதல் இதுதான். விலகிய 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும்.

எனக்கு 4 ஆண்டு 10 மாதம் ஆகிறது. “5 ஆண்டு நிறையவில்லை, கிடையாது” என்கிறார்கள்.

விட்டுவிடாதீர்கள். சட்டத்தில் ‘ஓர் ஆண்டு தொடர்ச்சியான பணி’ என்றால் 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருப்பது. வாரத்துக்கு 6 நாளுக்கும் குறைவாக இயங்கும் இடங்களில் 190 நாள். சம்பளத்துடன் எடுத்த விடுப்பும், மகப்பேறு விடுப்பும் இந்தக் கணக்கில் சேரும். நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவர் ஐந்து ஆண்டு முடித்தவரே என்று மேட்டூர் பியர்ட்செல் நிறுவன வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டில் வேலை செய்தவர்கள் இந்தத் தீர்ப்பைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் “கிடையாது” என்று சொன்ன அலுவலகங்கள், தீர்ப்பின் பெயரோடு கடிதம் வந்ததும் கணக்குப் போட உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

புதிய சட்டத்தில் பணிக்கொடை கூடுமா?

அடிப்படைச் சம்பளத்தை வேண்டுமென்றே குறைத்து, மீதியைப் படிகளாகப் பிரித்துக் கொடுக்கும் இடங்களில் வேலை செய்தவர்களுக்குக் கூடும். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்று சம்பளத்தில் சேராதவை மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால் அந்த மிகுதியைச் சம்பளமாகவே கொள்ள வேண்டும் என்கிறது புதிய விளக்கம்.

மாதம் 40,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு அடிப்படை 12,000 மட்டும், மீதி 28,000 இப்படிப்பட்ட படிகள் என்றால், பாதியான 20,000-த்தைத் தாண்டிய 8,000 சம்பளத்தோடு சேரும். 10 ஆண்டுப் பணிக்கு 12,000-த்தை வைத்துப் போட்டால் பணிக்கொடை 69,230 ரூபாய். 20,000-த்தை வைத்துப் போட்டால் 1,15,384 ரூபாய். ஒரே உழைப்பு, ஒரே சம்பளம். தாளில் எப்படிப் பிரித்து எழுதினார்கள் என்பதில் மட்டும் 46,000 ரூபாய் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு இன்னொரு நல்ல மாற்றம்: அவர்கள் 5 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆண்டு பணி செய்திருந்தாலே அந்தக் காலத்துக்கு ஏற்ப பணிக்கொடை உண்டு.

என் சி.டி.சி. தாளில், அதாவது எனக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவைக் காட்டும் தாளில், பணிக்கொடை என்று ஒரு தொகை காட்டியிருக்கிறார்கள். 3 ஆண்டில் விலகினால் அது வருமா?

நிரந்தரப் பணியாளர் என்றால் வராது. அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு என்று அங்கே காட்டியிருப்பார்கள். 15-ஐ 26-ஆல் வகுத்து, அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் வரும் எண் அது. நிறுவனம் எதிர்காலத்துக்காக ஒதுக்கிவைக்கும் தொகை; மாதச் சம்பளத்தில் உங்கள் கைக்கு வருவதும் இல்லை. புதிய வேலைக்குப் பேரம் பேசும்போது இந்தத் தொகையைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

தனியார் பள்ளி ஆசிரியைக்குப் பணிக்கொடை உண்டா?

உண்டு. 2009-இல் வந்த திருத்தம் ஆசிரியர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, அதுவும் 1997 ஏப்ரல் 3 முதல் செல்லுபடியாகும்படி. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இன்றும் 12, 15 ஆண்டு பாடம் நடத்திவிட்டு ஒரு சால்வையோடும் ஒரு குழுப் புகைப்படத்தோடும் வெளியே வரும் ஆசிரியைகளைப் பார்க்கிறேன். தங்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. மனம் ஆறவில்லை. அப்படி யாரேனும் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

நோட்டீஸ் காலம் முழுவதும் வேலை செய்யாமல் போனால் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வார்களா?

நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலத்துக்குப் பதிலாகச் சம்பளம் கட்ட வேண்டும் என்று இருந்தால், குறைந்த நாட்களுக்கு உரிய தொகையை நிறுவனம் கேட்கலாம். அடிப்படைச் சம்பளத்துக்கா, மொத்தச் சம்பளத்துக்கா என்பதைக் கடிதத்தின் வாசகத்தில் பாருங்கள். பெரும்பாலும் தகராறு அங்கேதான். எடுக்காத ஈட்டிய விடுப்பை நோட்டீஸ் நாட்களில் கழித்துக்கொள்ளச் சில நிறுவனங்கள் சம்மதிக்கும், கேட்டுப் பாருங்கள். இந்தப் பிடித்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. போட்டால் ஏற்காதீர்கள். அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2022 ஆகஸ்டிலேயே மத்திய மறைமுக வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

பணிக்கொடை வேறு விஷயம். நிறுவனத்தின் சொத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறையில் ஈடுபட்டது, பணியின்போது ஒழுக்கக்கேடான குற்றம் செய்தது ஆகிய காரணங்களுக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தால்தான் அதைப் பறிக்க முடியும். நோட்டீஸ் கொடுக்காதது அந்தப் பட்டியலில் இல்லை.

மிச்சமிருக்கும் விடுப்புக்குப் பணம் கேட்கலாமா?

தொழிற்சாலையில் வேலை செய்தால் கேள்வியே இல்லை. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேர்ந்த ஈட்டிய விடுப்புக்கு, நீங்களாக விலகினாலும் இரண்டாவது வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும். பழைய தொழிற்சாலைச் சட்டமும் இதைச் சொன்னது, அதற்குப் பதிலாக வந்த புதிய தொகுப்பும் சொல்கிறது. தமிழ்நாட்டில் கடைகளும் அலுவலகங்களும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஓர் ஆண்டு முடித்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு, 24 நாள் வரை சேர்த்துவைக்கலாம். அதனால் ராஜினாமாவுக்கு முன்பு விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்து, மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பணமாகக் கேட்க அது பலம். தற்செயல் விடுப்புக்கும் மருத்துவ விடுப்புக்கும் பொதுவாகப் பணம் கிடையாது. நிறுவன விதியில் இருந்தால் மட்டும் உண்டு.

செப்டம்பரில் விலகுகிறேன். தீபாவளி போனஸ் போய்விடுமா?

போகாது. கையில் வருவதற்கு நாளாகலாம், அவ்வளவுதான். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள், அந்தக் கணக்கு ஆண்டில் 30 நாளாவது வேலை செய்திருப்பது என்று இத்தனையும் பொருந்தினால் போனஸ் உண்டு. குறைந்தது 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20. கணக்கு ஆண்டு முடிந்து 8 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மார்ச்சில் முடிந்த ஆண்டின் போனஸ் தீபாவளியை ஒட்டி வருவது அதனால்தான்.

செப்டம்பரில் விலகுபவருக்கு இரண்டு போனஸ் பாக்கி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஏப்ரலுக்கு முந்தைய முழு ஆண்டுக்கு ஒன்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேலை செய்த மாதங்களுக்கு ஒன்று. அது அடுத்த ஆண்டுதான் வரும். இந்த இரண்டாவதைக் கேட்டு வாங்கியவர்களை நான் ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடுவேன். போகும்போதே வங்கிக் கணக்கு எண்ணோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

வேறு வேலைக்குப் போகிறீர்கள் என்றால் எடுக்காதீர்கள், புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள். அவசரத்துக்கு எடுத்தவர்கள் பின்னால் வருந்துவது ஓய்வூதியப் பகுதியால்தான். நிறுவனம் கட்டும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது (15,000 ரூபாய்ச் சம்பளம் வரைக்கும், அதாவது மாதம் 1,250 ரூபாய்). அந்தத் திட்டத்தில் 10 ஆண்டு சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். ஓரிடத்தில் 4 ஆண்டு, இன்னோரிடத்தில் 6 ஆண்டு என்றாலும் கூட்டினால் 10 ஆகும். முதல் 4 ஆண்டைப் பணமாக எடுத்துவிட்டால் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மேலும், 5 ஆண்டுப் பணி நிறையாமல் எடுத்தால் வருமான வரியும் உண்டு.

வேலையே இல்லாமல் எடுப்பவர்களுக்கு நெடுங்காலமாக 2 மாதக் காத்திருப்பு இருந்தது. 2025 அக்டோபரில் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு, 25 விழுக்காட்டை இருப்பில் வைத்துவிட்டு மீதியை எடுக்க அனுமதிப்பது என்றும், முழுத் தொகைக்கான காத்திருப்பை 12 மாதமாக்குவது என்றும் முடிவெடுத்தது. விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் இருக்கும் விதியைப் பார்த்துச் செய்யுங்கள்.

விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தடிக்கும் நிறுவனங்கள் உண்டு. கடைசிச் சந்தா வந்து 2 மாதம் ஆனதும் உங்கள் யூ.ஏ.என். (எந்த நிறுவனத்துக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்) கணக்கில் நுழைந்து, ஆதார் ஓ.டி.பி. கொடுத்து நீங்களே பதிந்துவிடலாம். உங்கள் சம்பளத்தில் பிடித்த பி.எஃப்.பைக் கட்டாமல் வைத்திருந்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். வைப்பு நிதி அலுவலகத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் சம்பளச் சீட்டின் நகலோடு புகார் கொடுங்கள்.

“முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன்” என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

இதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும். 2008-இல் நான் முதல் வேலையை விட்டேன். ஆறு ஆண்டு முடிந்திருந்தது. காசாளர் ஒரு வவுச்சரை நீட்டினார். மேலே தொகை எழுதும் இடம் காலி. கீழே வலது மூலையில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஏற்கெனவே ஒட்டியிருந்தது, பசை இன்னும் காயவில்லை. “போடு தம்பி, நேரமாகிறது” என்றார். ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டேன். 4,700 ரூபாய் கொடுத்தார். அந்த மாதச் சம்பளம், வேறொன்றும் இல்லை. அடுத்த வேலையில் சம்பளப் பட்டியல் எழுதக் கற்றுக்கொண்டபோது, வேறொருவருக்குப் பணிக்கொடைக் கணக்குப் போட்ட கையோடு எனக்கும் போட்டுப் பார்த்தேன். 5,200 ரூபாய்ச் சம்பளம், 6 ஆண்டு, 18,000 ரூபாய். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த ஆண்டு நான் கடன் வாங்கிய தொகை அதைவிடக் குறைவு.

அதனால் சொல்கிறேன்: தொகை எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தலைப்புத் தலைப்பாகப் பிரித்த கணக்குத் தாளைக் கேளுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ‘பணிக்கொடை நீங்கலாக’ என்றோ, ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்றோ உங்கள் கையால் எழுதித் தேதி போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்களும் கலங்க வேண்டாம். சட்டம் கொடுத்த பணிக்கொடையைத் தனி எழுத்தால் இல்லாமலாக்க முடியாது.

2 ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்டுவதாகப் பாண்ட் எழுதியிருக்கிறேன். விலக முடியுமா?

பாண்டைக் காட்டி உங்களை வேலையில் கட்டிவைக்க முடியாது. விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. பணம் கேட்பது மட்டும் வேறு. நிறுவனத்துக்கு உண்மையில் நேர்ந்த செலவுக்கு நியாயமான தொகையைக் கேட்கலாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பொதுத்துறை வங்கி மீண்டும் தேர்வு நடத்தி ஆள் எடுக்க ஆகும் செலவை அது கணக்கில் எடுத்தது. ஆகவே பாண்ட் என்றாலே வெறும் மிரட்டல் என்று கிழித்துப் போடவும் வேண்டாம், கேட்ட தொகையை அப்படியே கட்டவும் வேண்டாம். என்ன பயிற்சி கொடுத்தார்கள், என்ன செலவு ஆனது என்று எழுத்தில் கேளுங்கள்.

வரி எவ்வளவு போகும்?

பணிக்கொடைக்கு 20 லட்சம் வரையும், தனியார் ஊழியரின் விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம் வரையும் விலக்கு உண்டு, சட்டம் சொல்லும் கணக்குக்கு உட்பட்டு. இவை வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்த வரம்பு. விடுப்புப் பண வரம்பு 2023 ஏப்ரல் வரை வெறும் 3 லட்சமாக இருந்தது. சம்பளத்துக்கும் போனஸுக்கும் வழக்கமான வரி.

கட்டாயப்படுத்தி ராஜினாமா எழுதி வாங்கினால்?

எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அன்றே, வீட்டுக்கு வந்ததும், “வற்புறுத்தி வாங்கப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்” என்று மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ராஜினாமா நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன் அதைத் திரும்பப் பெறலாம் என்பது உச்ச நீதிமன்றம் நெடுநாளாகச் சொல்லிவரும் கருத்து. ஒரு வாரம் கழித்து அனுப்பினால் வற்புறுத்தல் என்பதை நம்பவைப்பது கடினம்.

கேட்டும் தரவில்லை. எங்கே போவது?

முதலில் நிறுவனத்துக்கு ஒரு கடிதம்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிச் சம்பளம், வர வேண்டிய தொகை தலைப்பு வாரியாக. பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். வங்கி, ரயில்வே, சுரங்கம் போன்றவற்றுக்கு மத்தியத் தொழிலாளர் ஆணையரகம். வழக்கறிஞர் இல்லாமலே மனுக் கொடுக்கலாம்.

புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி சம்பளம், போனஸ் பாக்கிக்கு 3 ஆண்டு வரை மனுச் செய்யலாம். பாக்கித் தொகையோடு, அதன் 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இன்னொன்று மிக முக்கியம்: சம்பளமோ போனஸோ தரவில்லை என்று நீங்கள் சொன்னால், கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் மேல்தான் விழும். “ஆதாரம் இருக்கிறதா?” என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டால், “கொடுத்த ரசீதை நீங்கள் காட்டுங்கள்” என்று சொல்லலாம்.

இருந்தாலும் நியமனக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சல், விடுப்புக் கணக்கின் படம் ஆகியவற்றை அலுவலகக் கணக்கு முடக்கப்படும் முன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு அடையாள அட்டையை வாங்கிக்கொண்ட பிறகு எதையும் திறக்க முடியாது.